‘நன்மையும் உண்டு, தீமையும் உண்டு’ என்பது வாதம் ஆகுமா?

வாசகர் கேள்வி

மூலப் பகுதிகளைக் கொடுத்து, அவற்றை வைத்து வாதக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். தீசிஸ் ஸ்டேட்மென்டை, அதாவது கட்டுரையின் மைய வாதத்தைச் சொல்லும் வரியை, முதலில் எழுதிவிடு, அப்புறம் அதற்குப் பொருந்துகிற வரிகளை மூலங்களில் தேடி எடுத்துக்கொள் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். அப்படித்தான் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் ‘மைய வாதம் வலுவாக இல்லை’ என்ற ஓரக்குறிப்போடு கட்டுரை திரும்பி வருகிறது. வலு என்றால் என்ன? கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தும் வழக்கம் தொடர வேண்டுமா என்பது கடைசியாக வந்த கேள்வி. மூலங்கள் ஆறு. நான் எழுதியது: ‘இந்த வழக்கத்தில் நன்மைகளும் உள்ளன, தீமைகளும் உள்ளன.’

ஜூன் 3

உங்கள் வரியை மறுத்துப் பேசும் ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். இதில் நன்மையே கிடையாது என்றோ, தீமையே கிடையாது என்றோ யாரும் சொல்லப் போவதில்லை. மறுக்க ஆளே இல்லாத இடத்தில் எதை வாதிடுவது? கேட்ட கேள்விக்கு அதில் பதிலும் இல்லை. தொடர வேண்டுமா என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் உண்டு என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரிக்குப் பின்னால் வரும் கட்டுரையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: நன்மைக்கு ஒரு பத்தி, தீமைக்கு ஒரு பத்தி, முடிவில் ‘எனவே சிந்தித்துச் செயல்பட வேண்டும்’. அப்படிப்பட்ட விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். எழுதியவர்கள் சோம்பேறிகள் இல்லை. எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தால் தப்பில்லை என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

சோதனை ஒன்று: யாராவது ஒருவர் ‘எனக்கு உடன்பாடில்லை’ என்று சொல்ல உங்கள் வரியில் இடம் இருக்கிறதா?

ஜூன் 3, இரவு

காலையில் எழுதியதை வைத்துக்கொண்டு யாராவது ‘இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும்’ என்று எழுதிவிட்டு, மறுக்க இடம் இருக்கிறது, ஆகவே வலுவானது என்று நினைத்துவிடுவார்கள். அது போதாது. அந்த வரியை எழுத ஆறு மூலங்களில் ஒன்றைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. கேள்வியைப் படித்த கையோடு எழுதிவிடலாம்.

சோதனை இரண்டு: மூலங்களைப் படிக்காத ஒருவரால் இந்த வரியை எழுத முடியுமா? முடியும் என்றால் அது உங்கள் சொந்த அபிப்பிராயம். அபிப்பிராயம் இருப்பதில் தவறில்லை. கட்டுரை கேட்பது வேறு.

ஜூன் 5

‘முதலில் தீசிஸ், அப்புறம் மூலம்’ என்ற அறிவுரை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நேரக் கட்டுப்பாட்டிலிருந்து வருகிறது. எனக்கும் அதே அறிவுரைதான் கிடைத்தது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

அருங்காட்சியகங்களில் இருக்கும் பிற நாட்டுப் பொருள்களைத் திருப்பித் தர வேண்டுமா என்பது கேள்வி. படித்த உடனே எழுதினேன்: ‘எல்லாப் பொருள்களையும் அவற்றின் உரிய சமூகங்களிடம் உடனே திருப்பித் தர வேண்டும்.’ கோபத்தோடு எழுதிய வரி. இன்றும் அந்தக் கோபம் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. முதல் மூன்று மூலங்கள் எனக்குச் சாதகம். வரி வரியாக எடுத்து அடுக்கினேன். நான்காவது மூலத்துக்கு வந்தபோது மூன்று பத்திகள் முடிந்திருந்தன. ஒரே பொருளுக்கு இரண்டு சமூகங்கள் உரிமை கேட்கின்றன, இரண்டின் வரலாறும் உண்மையானது, யாரிடம் தருவது என்பதே வழக்கு என்று அந்தப் பகுதி சொன்னது.

என் வாதத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘உரிய சமூகம்’ ஒன்றுதான் என்று நினைத்து எழுதியிருந்தேன். நான்காவது மூலம் அந்த ஒரு சொல்லைப் பிடித்து உலுக்கியது. என்ன செய்தேன் தெரியுமா? அந்த மூலத்தை விட்டுவிட்டேன். அதிலிருந்து பொருந்துகிற அரை வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதுவும் என் பக்கம்தான் பேசுகிறது என்பதுபோல் ஒட்டினேன். திருத்தியவர் அந்த அரை வாக்கியத்தின் அடியில் கோடு போட்டு, ‘மீதியையும் படி’ என்று எழுதியிருந்தார். மதிப்பெண் எவ்வளவு என்பது மறந்துவிட்டது. அந்தக் கோடு மறக்கவில்லை.

முதலிலேயே எழுதிய வாதம் நம் கண்ணைக் கட்டிவிடுகிறது. அதற்கப்புறம் மூலங்களைப் படிப்பதில்லை, அவற்றில் ஆள் தேடுகிறோம்.

ஜூன் 6

கேட்டவர் தம்மிடமிருந்த ஆறு மூலங்களின் சுருக்கத்தை அனுப்பியிருக்கிறார். அவற்றை வைத்தே பேசலாம்.

முதலாவது வரலாறு: முதல் உலகப் போரின்போது, 1916 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனி கடிகாரத்தை முன்னால் நகர்த்தியது, நிலக்கரியை மிச்சப்படுத்த. இரண்டாவது, அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 2006 முதல் மாநிலம் முழுக்க இந்த வழக்கத்தைக் கடைப்பிடிக்கத் தொடங்கியதை வைத்துச் செய்த ஆய்வு: வீடுகளின் மின்சாரப் பயன்பாடு சுமார் 1 சதவீதம் கூடியது. விளக்குக்கான செலவு குறைந்தது. ஆனால் அறையைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் ஆன செலவு அதைவிடக் கூடுதல். மூன்றாவது, அமெரிக்க எரிசக்தித் துறையின் 2008 அறிக்கை. கோடை நேரத்தை நான்கு வாரம் போல நீட்டியபோது, அந்த நாள்களில் நாளொன்றுக்கு 0.5 சதவீதம் மின்சாரம் மிச்சம்; ஆண்டுக் கணக்கில் 0.03 சதவீதம். நான்காவது, 1974 ஜனவரியில் அமெரிக்கா ஆண்டு முழுவதும் கோடை நேரத்தையே வைத்துப் பார்த்ததும், குளிர்காலக் காலையில் குழந்தைகள் இருட்டில் பள்ளிக்குப் போக வேண்டியிருந்ததால் எதிர்ப்பு கிளம்பி அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அதை மாற்றிக்கொண்டதும். ஐந்தாவது, 2018இல் ஐரோப்பிய ஆணையம் நடத்திய கருத்துக்கேட்பு: 46 லட்சம் பதில்கள், 84 சதவீதம் பேர் கடிகார மாற்றத்தை நிறுத்தச் சொன்னார்கள். ஆறாவது, தூக்க மருத்துவத்துக்கான அமெரிக்க அமைப்பின் 2020 அறிக்கை: மாற்றுவதைக் கைவிட்டு ஆண்டு முழுக்க இயல்பு நேரத்திலேயே, அதாவது கடிகாரத்தை முன்னால் நகர்த்தாத நேரத்திலேயே, இருக்க வேண்டும்.

இதிலிருந்து எப்படி வாதம் பிறக்கிறது? எனக்கு உதவுகிற வழி ஒன்றுதான். மூலங்களை ஒன்றோடொன்று பேச வைப்பேன். முதலாவது மூலம் ‘எரிபொருள் மிச்சமாகும்’ என்று நம்புகிறது. இரண்டாவது அதைப் பார்த்து ‘இல்லையே’ என்கிறது. அந்த இடத்தில்தான் பேனாவை எடுக்க வேண்டும். ஆக, முதல் முயற்சி:

‘மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தொடங்கிய கடிகார மாற்றம் உண்மையில் மின்சாரச் செலவைக் கூட்டுகிறது, ஆகவே அதை நிறுத்த வேண்டும்.’

மறுக்கலாம். மூலம் படிக்காதவரால் எழுத முடியாது. இரண்டு சோதனையும் தேறியது.

ஜூன் 7

நேற்று எழுதிய அந்த வாதம் தவறு. அவசரத்தில் எழுதினேன், திருத்துகிறேன்.

இந்தியானா ஆய்வு வீடுகளை மட்டும் கணக்கில் எடுத்தது. அதுவும் ஒரே மாநிலம். நான் ‘மின்சாரச் செலவைக் கூட்டுகிறது’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். மூன்றாவது மூலம் பக்கத்திலேயே நின்றுகொண்டு சிறிய அளவிலாவது மிச்சம் உண்டு என்கிறது. அதைப் பார்க்கவே இல்லை. முந்தாநாள் சொன்ன அரை வாக்கிய வேலையையே மறுபடியும் செய்திருக்கிறேன்.

மூலம் எவ்வளவு பாரம் தாங்குமோ அவ்வளவுதான் வாதத்தில் ஏற்றலாம். இரண்டு மூலங்களையும் சேர்த்துப் பார்த்தால் இப்படிச் சொல்லலாம்: ‘கடிகார மாற்றத்தால் மின்சாரம் மிச்சமானாலும் அந்த மிச்சம் மிகச் சிறியது, சில இடங்களில் வீட்டுச் செலவு கூடவும் செய்கிறது.’ இது முன்னதைவிட அடக்கமான வரி. அதனாலேயே அசைக்கக் கடினமான வரி. ஆண்டுக்கு 0.03 சதவீதம் என்பது எதிர்த்தரப்பின் சொந்த மூலத்திலிருந்து வருகிற எண். மிச்சம் உண்டு என்று சொல்ல வந்த அறிக்கையே அது எவ்வளவு சிறியது என்பதற்குச் சான்றாகிறது. மின்சாரம் கூடுகிறது என்று கத்தியிருந்தால் இந்தச் சான்று எனக்கு எதிரியாகியிருக்கும்.

ஜூன் 9

மூலங்கள் முரண்படும்போது என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ‘இருவர் சொல்வதும் சரி’ என்று எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாதா என்பது அவர் கேள்வி.

நன்னூல் படித்தவர்களுக்கு எழுவகை மதம் நினைவிருக்கும். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதியது. பள்ளியில் மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். நூல் எழுதுகிறவர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் வழிகள் ஏழு என்று அங்கே இருக்கிறது. பிறர் சொன்னதற்கு உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அதைக் களைவது ஒன்று. தானே ஒரு கருத்தை நாட்டி அதை நிலைநிறுத்துவது ஒன்று. இருவர் மாறுபடும்போது ஒரு பக்கத்தைத் துணிவது ஒன்று. பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது ஒன்று. எதனோடும் ஒட்டாமல் தன் கருத்தையே கொள்வது ஒன்று.

மூலங்களை வைத்து எழுதும் கட்டுரைக்கு இதைவிட நெருக்கமான பட்டியல் எனக்குக் கிடைத்ததில்லை. ‘இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு’ என்பதில் ‘துணிவு’ என்ற சொல்லைப் பாருங்கள். முடிவுக்கு வருதல் என்பதற்கு அங்கே அந்தச் சொல்தான். இருவரும் சரி என்று எழுதுவது அந்த ஏழில் ஒன்றாகக்கூட இல்லை.

நான் ஜூன் 7இல் செய்தது மூன்றாவது வகை: மிச்சம் உண்டு என்று ஏற்றுக்கொண்டு, அது போதாது என்று களைந்தது. கடைசி வகை, தன்மதம் மட்டும் கொள்வது, மற்ற இடங்களில் அழகு. மூலம் கொடுத்து எழுதச் சொல்லும் இடத்தில் ஆபத்து. ஜூன் 3 இரவில் இரண்டாவது சோதனை என்று சொன்னதும் இதைத்தான்.

ஜூன் 10

வாக்கிய அமைப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சரியாகாது. தமிழில் எழுதும்போது வருகிற சிக்கல் இது. யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ‘தொடங்கப்பட்டு’, ‘பரவி’, ‘கருதப்படும்’ என்று எச்சங்களை எவ்வளவு வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம், வாக்கியம் உடையாது. அதனால் மைய வாதத்தை எழுதும்போது எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைக்கிறோம். ஒரு மாதிரி:

‘முதல் உலகப் போர்க் காலத்தில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் பல நாடுகளுக்கும் பரவி, இன்று தூக்கத்தைக் கெடுப்பதாகவும் மின்சாரத்தைப் பெரிதாக மிச்சப்படுத்தாததாகவும் பலராலும் கருதப்படும் கடிகார மாற்ற வழக்கம் குறித்து மறுபரிசீலனை செய்யப்பட வேண்டியது அவசியமாகிறது.’

படிக்கும்போது கனமாக இருக்கிறது, ஆகவே வலுவாகவும் இருக்கும் என்று தோன்றும். இறுதி வினையை மட்டும் எடுத்துப் பாருங்கள்: ‘அவசியமாகிறது’. எது? மறுபரிசீலனை. யார் செய்வது? தெரியாது. செய்து என்ன முடிவுக்கு வருவது? சொல்லவில்லை. இவ்வளவு தூரம் நடந்து வந்தவருக்குக் கடைசியில் கையில் எதுவும் கிடைக்கவில்லை.

எழுதிய வாக்கியத்தின் கடைசி இரண்டு சொற்களை வட்டமிடுங்கள். உங்கள் முடிவு அங்கே இருக்க வேண்டும். ‘நிறுத்த வேண்டும்.’ ‘தொடரலாம்.’ ‘போதாது.’ அங்கே ‘காண்போம்’, ‘ஆராயலாம்’, ‘கருதப்படுகிறது’ இருந்தால் வாதம் இன்னும் எழுதப்படவில்லை. ‘இக்கட்டுரையில் காண்போம்’ என்பது என்ன பேசப்போகிறோம் என்ற அறிவிப்பு மட்டும்தான். ‘கருதப்படுகிறது’ என்பதில் கருதுகிறவர் ஒளிந்துகொள்கிறார். மூலம் சொல்கிறதா, நீங்கள் சொல்கிறீர்களா என்று படிப்பவர் தேட வேண்டியிருக்கிறது. மூலங்களை வைத்து எழுதும் கட்டுரையில் முதலில் தெளிவாக வேண்டியதே அதுதான்.

இரண்டு வாக்கியமாக உடைப்பது குற்றமில்லை. மைய வாதம் ஒரே வாக்கியத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்றை ஏற்று, அடுத்ததில் துணிந்தால் தமிழில் அது இயல்பாகவே வரும்.

அப்புறம், ‘வேண்டும்’ என்பதும் ‘லாம்’ என்பதும் ஒன்றல்ல. ‘நிறுத்த வேண்டும்’, ‘நிறுத்தலாம்’, ‘நிறுத்துவது நல்லது’, ‘நிறுத்தியே ஆக வேண்டும்’ ஆகிய நான்குக்கும் நான்கு எடை. ‘நிறுத்தலாம்’ என்று எழுதினால், நிறுத்தினால் கேடில்லை என்று மட்டும் காட்டினால் போதும். ‘நிறுத்தியே ஆக வேண்டும்’ என்றால், தொடர்வது தாங்க முடியாதது என்று காட்ட வேண்டும். உங்கள் ஆறு மூலங்களில் எதுவும் அவ்வளவு தூரம் போகவில்லை. ஏகாரமும் இப்படித்தான், அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஜூன் 12

84 சதவீதம்.

கேட்டவரின் அடுத்த வரைவில் இப்படி வந்திருக்கிறது: ‘ஐரோப்பியர்களில் 84 சதவீதம் பேர் எதிர்ப்பதால் கடிகார மாற்றத்தை நிறுத்த வேண்டும்.’

மூலத்தை மறுபடி படியுங்கள். 46 லட்சம் பதில்களில் 84 சதவீதம். அது தேர்ந்தெடுத்து நடத்திய கருத்துக்கணிப்பு அல்ல. விருப்பம் உள்ளவர்கள் இணையத்தில் வந்து பதில் சொன்னார்கள். அந்தப் பதில்களில் சுமார் 70 சதவீதம் ஜெர்மனியிலிருந்து மட்டும் வந்தவை. மெனக்கெட்டுப் பதில் எழுதுகிறவர்கள் யார்? பெரும்பாலும் அந்த வழக்கத்தால் எரிச்சல் அடைந்தவர்கள். ‘ஐரோப்பியர்களில் 84 சதவீதம்’ என்று எழுதிய உடனே மூலம் சொல்லாததை அதன் வாயில் திணித்ததாகிவிடும்.

அந்த எண்ணைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ‘கருத்துச் சொல்ல முன்வந்தவர்களில் பெரும்பாலோர்’ என்று எழுதினால் உண்மை. ஆனால் அந்த அளவுக்குக் குறைத்த பிறகு, மைய வாதத்தின் பாரத்தை அதன்மேல் ஏற்ற முடியாது. பக்கத்தில் துணைக்கு நிற்கலாம். 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் மாற்றத்தை 2021இல் நிறுத்த ஆதரவாக வாக்களித்தும், அந்த ஆண்டில் அது நிற்கவில்லை. நிறுத்துவதற்கு ஆதரவு இருந்தும் நிற்காமல் போனது ஏன் என்று கேட்டிருந்தால் அந்த எண்ணைவிட நல்ல இடத்துக்கு வந்திருப்பீர்கள்.

எழுதும்போது வினையைப் பார்த்துப் போடுங்கள். ஆய்வு ‘கண்டறிந்தது’. மருத்துவ அமைப்பு ‘பரிந்துரைக்கிறது’. கருத்துக்கேட்பில் மக்கள் ‘விரும்பினார்கள்’. எல்லாவற்றுக்கும் ‘கூறுகிறது’ என்று போட்டால் மூன்றும் ஒரே தராசில் ஏறிவிடுகின்றன.

ஜூன் 13

சிறு குறிப்பு. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையைப் போல. அளவை நூல்களில் வரும் பழைய எடுத்துக்காட்டு, மணிமேகலையிலும் உண்டு. நான் கவனிக்கச் சொல்வது அந்த அடுக்களையை. புகையிலிருந்து நெருப்புக்குத் தாவ நமக்கு உரிமை தருவது அதுதான்.

‘மிச்சம் மிகச் சிறியது, ஆகவே நிறுத்த வேண்டும்’ என்பதில் அடுக்களை எங்கே? மிச்சமே இல்லாவிட்டாலும் மாலை வெளிச்சம் பிடிக்கிறது என்பதற்காக ஒரு வழக்கம் தொடரலாமே. ‘எதற்காகத் தொடங்கினோமோ அது கிடைக்கவில்லை, கூடவே தூக்கத்துக்குக் கெடுதல்’ என்று ஆறாவது மூலத்தையும் சேர்த்தால்தான் ‘ஆகவே’ என்ற சொல் நிற்கும். ‘ஆகவே’ வரும் இடத்தில் எல்லாம் நின்று கேட்டுப் பாருங்கள்.

ஜூன் 15

முதல் நாள் சொன்ன முதல் சோதனையை மாற்ற வேண்டியிருக்கிறது. நேற்று படித்த ஒரு வரைவு: ‘கடிகார மாற்றம் மனித குலத்துக்கு எதிரான குற்றம்.’ மறுக்க இடம் இருக்கிறதா என்றால் தாராளமாக இருக்கிறது. அந்தச் சோதனையை மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் குரலை உயர்த்துகிறார்கள். தவறு என் சோதனையில். யாராவது மறுக்க முடியுமா என்று கேட்டிருக்கக் கூடாது.

திருத்திய சோதனை: இதே ஆறு மூலங்களையும் பொறுமையாகப் படித்த ஒருவர் மறுக்க முடியுமா? அப்படி ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து எழுதினால் ‘மனித குலம்’ தானாக உதிர்ந்துவிடும். அவருக்கு நாம் எதை விட்டுக்கொடுப்போம், எதில் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாவது சோதனை அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 16

1974ஐ இதுவரை யாரும் தொடவில்லை. அனுப்பிய மூன்று வரைவுகளிலும் நான்காவது மூலம் இல்லை. காரணம் புரிகிறது. நிறுத்த வேண்டும் என்பவருக்கும் அது உதவுவதாகத் தெரியவில்லை, தொடர வேண்டும் என்பவருக்கும் உதவுவதாகத் தெரியவில்லை. நான் அருங்காட்சியகக் கேள்வியில் விட்டுவிட்டதும் நான்காவது மூலம்தான்.

அது கேட்பது இன்னொரு கேள்வியை: நிறுத்தினால், எந்த நேரத்தில் நிறுத்துவது? நிறுத்த வேண்டும் என்று எழுதிய எல்லோரும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். திருப்பித் தர வேண்டும் என்று எழுதிய நான் யாரிடம் என்று கேட்காததைப் போல. கோடை நேரத்தையே நிலையாக வைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு நாடு ஒரு குளிர்காலத்தில் செய்து பார்த்திருக்கிறது, பின்வாங்கியிருக்கிறது. ஆறாவது மூலம் இயல்பு நேரத்தைச் சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் ஒரே இடத்துக்கு வருகின்றன. ஒன்று மக்கள் பட்டறிந்தது, மற்றது மருத்துவர்கள் சொல்வது.

இந்த இரண்டையும் சேர்த்தால் வருவது:

‘எரிபொருளுக்காகத் தொடங்கிய கடிகார மாற்றத்தால் இன்று கிடைக்கும் மிச்சம் மிகச் சிறியது; தூக்கத்துக்கு அது தரும் கெடுதலைப் பார்த்தால் அந்த மிச்சத்துக்காக அதைத் தொடர வேண்டியதில்லை. ஆனால் கோடை நேரத்தை நிலையாக்கினால் குளிர்காலக் காலைகள் இருட்டாகும் என்பதை 1974 காட்டியிருப்பதால், இயல்பு நேரத்துக்குத் திரும்ப வேண்டும்.’

ஜூன் 6இல் எழுதியதையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முன்னதில் இரண்டு மூலங்கள் மட்டும் வேலை செய்கின்றன. இதில் ஐந்து வேலை செய்கின்றன. மிஞ்சியிருக்கும் கருத்துக்கேட்பைத் துணைக்கு நிறுத்தலாம். எந்தப் பத்தியில் என்ன வரும் என்பதும் வாதத்துக்குள்ளேயே இருக்கிறது. கட்டுரைக்குத் தனியாகத் திட்டம் போட வேண்டியதில்லை.

ஜூன் 18

‘இதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியும், தேர்வறையில் முடியாது’ என்று எழுதியிருக்கிறார்கள். நியாயமான கவலை. நான் செய்வதைச் சொல்கிறேன்.

கேள்வியைப் படித்ததும் மனதில் தோன்றும் பதிலை எழுதிக்கொள்வேன், ஆனால் விடைத்தாளில் அல்ல, ஓரத்தில், பென்சிலில். அதை மனதுக்குள்ளேயே வைத்திருந்தால் இன்னும் மோசம். வெளியே வைத்தால் கண்காணிக்கலாம். பிறகு மூலங்களைப் படிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி, அது எதைச் சொல்கிறது என்று இல்லாமல், இன்னொரு மூலத்துக்கு என்ன பதில் சொல்கிறது என்று. ‘3, 2ஐ மறுக்கிறது, ஆனால் சிறிதளவே.’ அவ்வளவு போதும். எந்த மூலம் பென்சில் வரியைத் தொந்தரவு செய்கிறதோ அதற்கு நட்சத்திரம்.

விடைத்தாளில் முதல் பத்தியின் முடிவில் நான்கு வரி இடம் விட்டுவிட்டு, நட்சத்திரம் போட்ட மூலத்தைப் பற்றிய பத்தியை முதலில் எழுதுவேன். அந்தப் பத்தி முடிந்ததும் வாதம் என்னவென்று எனக்குத் தெரிந்துவிடும். அப்போது விட்ட இடத்தை நிரப்புவேன். இடம் விட்டுவிட்டு மறந்துபோன மாணவர் ஒருவரையும் பார்த்திருக்கிறேன், ஆகவே அந்த இடத்தின் ஓரத்தில் பெரிதாக ஒரு வட்டம் போட்டுவையுங்கள்.

ஜூன் 21

கேட்டவர் புதிய கட்டுரையை அனுப்பியிருக்கிறார். மைய வாதம் இப்போது இப்படி இருக்கிறது: ‘ஆண்டுக்கு 0.03 சதவீத மின்சாரத்துக்காகக் கடிகாரத்தை இரண்டு முறை மாற்றத் தேவையில்லை. 1974இல் கோடை நேரத்தை நிலையாக்கிப் பார்த்த அனுபவம் கசப்பாக முடிந்ததால், ஏற்கத்தக்கது இயல்பு நேரமே.’

என்னுடையதைவிடச் சுருக்கம். எண்ணை முன்னால் வைத்தது நல்ல வேலை. ஒரு சின்னத் திருத்தம்: அந்த எண் ஆண்டு முழுவதற்குமான கோடை நேரத்தைப் பற்றியது அல்ல, நீட்டிக்கப்பட்ட நான்கு வாரத்தைப் பற்றியது. நானும் ஜூன் 7இல் அதை அழுத்திச் சொல்லாமல் விட்டேன். ‘நான்கு வாரம் நீட்டியபோது கிடைத்த 0.03 சதவீதம்’ என்று போடுங்கள்.

ஏகாரத்தைப் பற்றிச் சொல்வதாக ஜூன் 10இல் எழுதியிருந்தேன். ‘இயல்பு நேரமே’ என்பதில் இருக்கும் அந்த ஒரு எழுத்து மற்ற எல்லா வழிகளையும் அடைத்துவிட்டேன் என்கிறது. கோடை நேர வழியை 1974 அடைக்கிறது. இப்போது இருப்பதுபோலவே மாற்றிக்கொண்டிருக்கும் வழியை அடைக்கத் தூக்கம் பற்றிய மூலம் வேண்டும். உங்கள் கட்டுரையில் அது ஒரு இடத்திலும் வரவில்லை. மின்சாரம் மிச்சமில்லை என்பது மட்டும் அந்த வழியை அடைக்காது, ஜூன் 13 குறிப்பைப் பாருங்கள். ஒன்று அந்தப் பத்தியைச் சேருங்கள், இல்லையென்றால் ஏகாரத்தை எடுத்துவிடுங்கள்.

ஜூன் 22

ஏகாரத்தை எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார். வாதம் நிற்கிறது. ஆனாலும் ஆறாவது மூலம் கையிலேயே இருக்கிறது, நான்கு வரி எழுதினால் போதும். அந்தப் பத்தியை எழுதி ஏகாரத்தைத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறேன்.